பழைய வண்டிக்குப் புது மின்சாரம்

சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஆண்டகளூர் கேட்டைக் கடந்து புதுச்சத்திரத்தைத் தொடுகிறது. கேஸ் டேங்கர், முட்டை லாரி, போர்வெல் வண்டி, வெளியூர்ப் பேருந்து என்று இரவெல்லாம் ஓயாத சாலை. இருட்டிய பிறகு இதில் ஒரு பழைய 6 வோல்ட் புல்லட்டிலோ ஜாவாவிலோ வருகிறவருக்கு முன்னால் வெளிச்சம் போதாது என்பது சின்னக் கஷ்டம். பின்னால் வரும் டேங்கர் ஓட்டுநரின் கண்ணுக்கு அவருடைய சிவப்பு விளக்கு படாது என்பதுதான் உயிரோடு விளையாடும் விஷயம். 2017 ஏப்ரல் முதல் நாட்டில் விற்பனையாகும் புதிய இருசக்கர வாகனங்களில் முன்விளக்கு பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும்படி விதி வந்துவிட்டது. சாலையில் எல்லோருடைய விளக்கும் கூடியிருக்கும்போது பழைய வண்டியின் மஞ்சள் மினுக்கல் இன்னும் மங்கித் தெரிகிறது.

ஆகவே பழைய மோட்டார் சைக்கிளின் சார்ஜிங்கைத் திருத்தி உயர்த்தலாமா, உயர்த்தினால் எதுவரை, எந்த வரிசையில் என்பது இன்று பழைய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருடைய கேள்வி. ஒரு திருகாணியைக்கூட மாற்றக் கூடாது என்று ஒரு தரப்பு சொல்கிறது. எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புது கிட் போடு என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் ஒரே தவறைச் செய்கின்றன என்பது என் கருத்து. வண்டி எவ்வளவு மின்சாரம் தயாரிக்கிறது, அதில் எவ்வளவு விளக்குவரை போய்ச் சேர்கிறது என்று இருவருமே அளந்து பார்ப்பதில்லை.

நம் வண்டிகளின் மரபை முதலில் பார்க்கலாம். இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூர் ஆலையில் புல்லட் உருவானது. ரெடிட்ச் ஆலை மூடப்பட்ட பிறகும் புல்லட் இங்கே நிற்கவில்லை. மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் செக்கோஸ்லோவாகியா வடிவத்தில் ஜாவாவையும், பின்பு யெஸ்டியையும் 1990-களின் நடுப்பகுதி வரை தயாரித்தது. எஸ்கார்ட்ஸின் ராஜ்தூத் போலந்து நாட்டு வண்டியின் வழிவந்தது. 1961-இல் சென்னை பாடியில் லூக்காஸ்-டிவிஎஸ் தொடங்கப்பட்டபின் வாகன மின்கருவிகள் தமிழ்நாட்டிலேயே தயாராயின. அந்தக் கால வண்டிகளுக்கு 6 வோல்ட்தான் பொது வழக்கம். 6 வோல்ட் பேட்டரிக்கு மூன்று செல் போதும். விலை குறைவு, இடமும் குறைவு. 6 வோல்ட் பல்பின் இழை தடிமனாக இருப்பதால் ஒற்றை சிலிண்டரின் குலுக்கலைத் தாங்கும். எதிரே மாட்டுவண்டியும் மிதிவண்டியும் வந்த காலத்தில் அந்த வெளிச்சம் போதுமானதாகவும் இருந்தது.

மின்சாரம் பிறக்கும் இடத்தை வைத்து இந்த வண்டிகளை மூன்று குடும்பங்களாகப் பிரிக்கலாம். பழைய பிரிட்டிஷ் வண்டிகளிலும் ஜாவாவிலும் இருப்பது டைனமோ. ஆர்மேச்சர், கார்பன் பிரஷ், கட்-அவுட் என்று லாரி எலெக்ட்ரீஷியன்களுக்கு நன்றாகப் பழகிய அமைப்பு. லூக்காஸின் பெரிய மோட்டார் சைக்கிள் டைனமோ 60 வாட் தந்தது. ஜாவாவின் டைனமோ 45 வாட்தான். இரண்டாவது குடும்பம், கிராங்க் முனையில் காந்தம் சுழல, சுற்றிலும் காயில் நிற்கும் ஆல்டர்னேட்டர். நாம் காணும் புல்லட்டுகள் பெரும்பாலும் இந்த வகை. மூன்றாவது, ராஜ்தூத்திலும் மொபெட்டுகளிலும் இருக்கும் ஃப்ளைவீல் மேக்னெட்டோ. முதல் இரண்டில்தான் திருத்தத்துக்கு வழி அதிகம்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். 6 வோல்ட்டில் 30 வாட் முன்விளக்கு 5 ஆம்பியர் இழுக்கிறது. சாவி ஸ்விட்ச், டிம்-பிரைட் ஸ்விட்ச், துருவேறிய எர்த், பச்சை பிடித்த ஒயர் முனை எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஐம்பது வயது வண்டிக்கு இது மிகச் சாதாரணம். 5 ஆம்பியர் அதன் வழியே ஓடும்போது வழியிலேயே 1 வோல்ட் போய்விடுகிறது. மிச்சம் 5 வோல்ட். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாகச் சரிகிறது. ஆறில் ஒரு பங்கு வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அதே தடை, அதே 30 வாட், ஆனால் 12 வோல்ட் என்றால் ஓட்டம் 2.5 ஆம்பியர். இழப்பு அரை வோல்ட். வெளிச்சத்தில் குறைவது ஏழில் ஒரு பங்குதான். 12 வோல்ட்டின் பெரிய லாபம் இதுதான்: தயாரித்த மின்சாரம் வீணாகாமல் போய்ச் சேர்கிறது.

இதே கணக்கு முதல் வேலை எது என்பதையும் சொல்லிவிடுகிறது. குழாயில் ஓட்டை இருக்கும்போது ஆழ்துளைக் கிணற்றுக்குப் பெரிய மோட்டார் இறக்குவதில் பயனில்லை. முன்விளக்கை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எர்த் முனையிலும் மறுமுனையை பல்பு ஹோல்டரின் உடலிலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அடுத்து பேட்டரியின் மற்ற முனைக்கும் பல்பின் நடு முனைக்கும் இடையே அதே சோதனை. பெயின்ட் அடித்த சட்டத்தின் மேல் எர்த் ஒயரை முறுக்கி வைப்பது பழுது பார்த்துப் புதுப்பித்த வண்டிகளில் அடிக்கடி காணும் கோளாறு. வண்டிக்குப் பளபளவென்று புது வண்ணம் பூசியபின் விளக்கு முன்னைவிட மங்கிப்போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். என்ஜினிலிருந்து சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து முன்விளக்குக் கூட்டுக்கும் தனி எர்த் ஒயர் இழுத்துவிட்டால், செலவே இல்லாமல் பாதி வண்டிகள் தெளிந்துவிடும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றும் அவசியம். பழைய ஒயரிங்கில் பல வண்டிகளுக்கு ஃப்யூஸே கிடையாது. உராய்ந்த ஒரு ஒயர் சட்டத்தைத் தொட்டால் பெட்ரோல் டேங்குக்கு அடியிலேயே தீப்பிடிக்கும்.

அடுத்த படி ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும். காந்தம் சுழன்று வருவது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு அது நேர்திசையாக வேண்டும். பழைய லூக்காஸ் அமைப்பில் செலினியம் தகடுகளால் ஆன ரெக்டிஃபையர் இருந்தது. வயதாக ஆக அதன் உள்தடை ஏறிக்கொண்டே போகும். எரிந்துபோனால் நச்சுப் புகை விடும். அதை எடுத்துவிட்டு சிலிக்கான் டயோடு வைப்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ரெகுலேட்டர் கதை இன்னும் சுவையானது. பழைய லூக்காஸ் ஆல்டர்னேட்டரில் ரெகுலேட்டரே கிடையாது. விளக்கு அணைந்திருந்தால் சில காயில்கள் மட்டும் வேலை செய்யும். முன்விளக்கு போட்டால் ஸ்விட்ச் மற்ற காயில்களையும் இணைக்கும். பேட்டரிக்கு ஏறும் சார்ஜ் தோராயமானதுதான். பகல் நெடும்பயணத்தில் அளவுக்கு மீறி ஏறித் தண்ணீர் வற்றும். இரவில் ஊருக்குள் மெல்ல ஓட்டினால் பேட்டரி இறங்கும். பழைய வண்டிக்காரர்கள் பேட்டரி நிற்பதில்லை என்று சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது.

நம் ஊர் வெயில் இதற்குள் வந்து நிற்கிறது. ஈய-அமில பேட்டரிக்கு ஏற்ற வேண்டிய மின்னழுத்தம் வெப்பத்தைப் பொறுத்து மாறும். 12 வோல்ட் பேட்டரிக்கு 25 டிகிரியில் 14.4 வோல்ட் சரியென்றால், 40 டிகிரியில் 14.1 போதும். அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நிறுத்திய வண்டியில் அதே 14.4 தொடர்ந்தால் பேட்டரி கொதிக்கத்தான் செய்யும். குளிர்நாட்டுக்காகச் சற்று உயர்த்தி அமைத்த ரெகுலேட்டரை இறக்குமதி செய்து மாட்டினால், கோடைக்கு முன்பே டிஸ்டில்டு வாட்டர் தேடும்படி ஆகும். ரெகுலேட்டர் வாங்கும்போது எவ்வளவு வோல்ட்டில் நிறுத்துகிறது என்று கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால் வேறு கடை பாருங்கள்.

இப்போது முக்கியமான கட்டம்: 6-லிருந்து 12. பழைய ஆல்டர்னேட்டரை அப்படியே வைத்துக்கொண்டு 12 வோல்ட்டுக்கு மாறலாம் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. காயில் 6 வோல்ட்டுக்குச் சுற்றியதல்லவா என்பார்கள். நிலைக்காந்த ஆல்டர்னேட்டர் அப்படி வேலை செய்வதில்லை. சுமை இல்லாமல் சுழலும்போது அதில் பிறக்கும் மின்னழுத்தம் 6 வோல்ட்டைவிடப் பல மடங்கு அதிகம். சுழற்சி கூடக் கூட மின்னழுத்தம் கூடுகிறது. கூடவே, மாறுதிசை ஓட்டத்துக்குக் காயில் காட்டும் எதிர்ப்பும் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவதால் மின்னோட்டம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. அந்த எல்லை 8 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 7 வோல்ட்டில் வாங்கும்போது 56 வாட் வருகிறது. அதே 8 ஆம்பியரை 14 வோல்ட்டில் வாங்கினால் 112 வாட். அதே இரும்பு, அதே காந்தம், அதே செம்பு. லூக்காஸின் பழைய 6 வோல்ட் ஆல்டர்னேட்டர்கள் பலவற்றை, எல்லாக் காயில்களையும் ஒன்றாக இணைத்து, 12 வோல்ட் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர் ஒன்றை மாட்டி இப்படி மாற்றிக்கொள்ளும் வழக்கம் பிரிட்டனில் நெடுங்காலமாக இருக்கிறது. ஒரே குறை, சார்ஜ் ஏறத் தொடங்கும் வேகம் சற்று உயர்ந்துவிடும். ஐட்லிங்கில் ஆம்பியர் மீட்டர் முள் பின்னோக்கிச் சாயும்.

இந்த மாற்றத்தில் பல்புகள், ஹாரன், இக்னிஷன் காயில், பேட்டரி ஆகியவை மாற வேண்டும். ஆம்பியர் மீட்டரை மாற்ற வேண்டியதில்லை. அது அளப்பது ஓட்டத்தைத்தான். ஒயரும் ஸ்விட்சும் அப்படியே இருக்கலாம். பாதி ஓட்டம்தான் அவற்றில் போகும் என்பதால் அவற்றுக்கு இது ஓய்வுகாலம். பழைய பேட்டரியின் கறுப்புக் கூட்டை வெட்டி, அதற்குள் சிறிய 12 வோல்ட் பேட்டரியை வைத்து மூடிவிட்டால் வெளிப்பார்வைக்கு வண்டி மாறாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். நம் லாரிகளும் கார்களும் நெகட்டிவ் எர்த். கை பழக்கத்தில் ஒயரை மாற்றித் தொட்ட அந்த நொடியே டயோடு போய்விடும். வேலையைத் தொடங்கும் முன் எந்த முனை எர்த் என்று சுண்ணாம்புக்கட்டியால் டூல்பாக்ஸ் மூடியில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

நாமக்கல் வட்டாரத்துக்கென்று ஒரு பலம் இருக்கிறது. லாரி பாடி கட்டும் ஊர், டேங்கர் லாரிகளின் ஊர், பக்கத்தில் திருச்செங்கோடு போர்வெல் வண்டிகளின் ஊர். ஆகவே டைனமோ, ஆல்டர்னேட்டர், சப்மெர்சிபிள் மோட்டார் என எதற்கும் காயில் கட்டும் கடைகள் இந்தச் சாலை நெடுக இருக்கின்றன. சென்னையில் தேடி அலைய வேண்டிய கைவேலை இங்கே சாலையோரத்தில் நடக்கிறது. பழைய ஸ்டேட்டரை இவர்களிடம் கொண்டுவந்து, சுற்றைக் கூட்டிக் கட்டுங்கள், கரண்ட் கூடும் என்று கேட்கிறவர்கள் உண்டு. அங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது. ஒரே துளைக்குள் இரண்டு மடங்கு சுற்று அடங்க வேண்டுமானால் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாக வேண்டும். வோல்ட் இரட்டிக்கும், ஆம்பியர் பாதியாகும், வாட் அதேதான். வாட்டைத் தீர்மானிப்பது காந்தத்தின் வலுவும் இரும்பின் அளவும். காந்தம் தளர்ந்த ரோட்டருக்கு எத்தனை சுற்று கட்டினாலும் பலனில்லை.

சோதனை எளிது. ஸ்டேட்டரின் இரு ஒயர்களுக்கு நடுவே அதிக வாட் தாங்கும் 1 ஓம் தடை ஒன்றை இணைத்து, என்ஜினை 2500 சுழற்சியை ஒட்டி ஓடவிட்டு மாறுதிசை மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 120 வாட் வகை ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய 9 வோல்ட் காட்டும். அதைவிட மிகக் குறைந்தால் ரோட்டரோ ஸ்டேட்டரோ சோர்ந்திருக்கிறது. தடை சில நொடிகளிலேயே சூடேறிக் கை சுடும், கவனம். மறுபடி பொருத்தும்போது ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் இடையிலான காற்றிடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக, 0.2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் உரசினாலும் காயில் போய்விடும். புல்லட்டில் இது பிரைமரி செயின் ஓடும் எண்ணெய்க்குள் நிற்கிறது. பழைய துணி சுற்றிய ஒயர் அந்த எண்ணெயில் ஊறி இறுகி உடையும். ஆகவே புதிதாகக் கட்டும்போது எண்ணெயையும் சூட்டையும் தாங்கும் வார்னிஷும் உறையும் கேட்டு வாங்குவது, கூடுதல் சுற்று கேட்பதைவிடப் பயனுள்ளது.

டைனமோ வைத்த வண்டிக்கு வழி வேறு. அதிரும் கட்-அவுட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வைக்கலாம். பழைய பெட்டிக்குள்ளேயே அடங்கும் அளவில் கிடைக்கிறது, 12 வோல்ட் வகையும் உண்டு. துருவத்தை மாற்றினால் டைனமோவின் ஃபீல்டு முனையில் பேட்டரியை ஒரு கணம் தொட்டெடுத்து எஞ்சிய காந்தத்தைத் திருப்ப வேண்டும். இதை நம் லாரி எலெக்ட்ரீஷியன்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். ஜாவாவுக்கும் யெஸ்டிக்கும் செக் நாட்டு வேப் நிறுவனத்தின் முழு கிட் உண்டு. டைனமோவையும் பாயிண்ட்டையும் ஒருசேர எடுத்துவிட்டு, 12 வோல்ட் ஆல்டர்னேட்டரும் எலெக்ட்ரானிக் இக்னிஷனும் தருகிறது. லூக்காஸ் டைனமோவின் தோற்றத்திலேயே உள்ளுக்குள் ஆல்டர்னேட்டர் வைத்த வடிவம் ஒன்றைப் பிரான்ஸின் ஆல்டன் நிறுவனம் செய்கிறது. வேலைத்திறனில் இவற்றைக் குறைசொல்ல முடியாது. ஆனால் நடுவழியில் பழுதானால் ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ உதிரிபாகம் இருக்காது. புல்லட்காரருக்கு இந்தக் கவலை இல்லை. பிற்கால 12 வோல்ட் புல்லட்டின் ஸ்டேட்டரும் ரோட்டரும், ஆர்.ஆர். யூனிட் எனப்படும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையரும் இங்கேயே கிடைக்கின்றன. கிராங்க் முனையின் அளவும் ஸ்டட் அமைப்பும் தன் வண்டிக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

கிட் விளம்பரங்களில் போடும் வாட் பெரும்பாலும் 5000 சுழற்சியில் எடுத்த அளவு. நாலாவது கியரில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 350 புல்லட்டின் என்ஜின் 3000-ஐக்கூடத் தொடுவதில்லை. ஆகவே அந்த எண்ணிலிருந்து நல்ல பங்கைக் கழித்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். 12 வோல்ட்டில் முன்விளக்கு 35 வாட், பின்விளக்கு 5, பைலட்டும் மீட்டர் பல்பும் சேர்த்து 9, பாயிண்ட் இக்னிஷன் ஏறத்தாழ 30. ஹாரனும் பிரேக் விளக்கும் சேராமலே 80 வாட்டை நெருங்குகிறது.

இங்கேதான் எல்இடி கைகொடுக்கிறது. பின்விளக்கையும் பைலட்டையும் எல்இடியாக்கினால் அந்த 10, 15 வாட் ஒன்றிரண்டாகச் சுருங்கும், பிரகாசமும் கூடும். முதலில் மாற்ற வேண்டியது பின்விளக்குதான். சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடியே போட வேண்டும். வெள்ளை போட்டால் வெளிச்சத்தின் பெரும்பங்கு கண்ணாடியிலேயே நின்றுவிடும். முன்விளக்கில் அவசரம் வேண்டாம். இழை பல்புக்காக வடித்த கிண்ணத்தில் மலிவான எல்இடியைச் செருகினால் ஒளி சிதறி, எதிரே வருகிறவர் கண்ணில்தான் விழும். தவிர, 12 வோல்ட் புல்லட்டுகள் பலவற்றில் முன்விளக்கு பேட்டரியைத் தொடாமல் நேரே மாறுதிசையில் எரிகிறது. அதை நேர்திசைக்கு மாற்றாமல் எல்இடி போட்டால் துடிக்கும், சீக்கிரம் போகும்.

எல்இடி போட்டபின் மின்சாரம் மிஞ்சும். சாதாரண ஆர்.ஆர். யூனிட் மிச்சத்தைக் காயிலிலேயே குறுக்கிணைத்துச் சூடாக்கித்தான் கழிக்கும். ஆகவே யூனிட்டை சீட்டுக்கு அடியில் ஒளிக்காமல் காற்றுப்படும் இடத்தில் பொருத்த வேண்டும். மிச்சத்தைச் சூடாக்காமல் இணைப்பைத் துண்டித்து நிறுத்தும் வகையும் இப்போது வந்திருக்கிறது. நம் வெயிலுக்கு அதுவே ஏற்றது. லித்தியம் பேட்டரியை, ரெகுலேட்டர் 14.6-ஐத் தாண்டுவதில்லை என்று அளந்து உறுதிசெய்யாமல் பழைய வண்டியில் வைக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் விவரமல்ல. ஆனால் 2021 ஜூலையில் வந்த வின்டேஜ் வாகன விதிகளையும் அறிந்திருக்க வேண்டும். 50 ஆண்டு கடந்த, மூல வடிவிலேயே பேணப்பட்ட, சட்டம், உடல், என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கு ‘விஏ’ எழுத்துகளோடு தனி எண் கிடைக்கும். அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. எனவே கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் என்று பேணுகிறவர் 6 வோல்ட்டிலேயே இருப்பது நியாயம். அந்தப் பதிவு பெறாத அதே ரக வண்டியில் தினமும் புதுச்சத்திரத்திலிருந்து ராசிபுரம் சந்தைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவருக்கு 12 வோல்ட் உயிர்க்காப்பு. அவரிடம் மூலவடிவத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது நியாயமில்லை.

மொத்தத்தில் என் தீர்ப்பு இது. முதலில் எர்த், இணைப்பு, ஃப்யூஸ். பிறகு பின்விளக்கு. பிறகு ரெக்டிஃபையரும் ரெகுலேட்டரும், அத்தோடு பழைய காயிலிலேயே 12 வோல்ட். இவ்வளவுக்குப் பிறகும் அளவு போதவில்லை என்று மீட்டர் சொன்னால் மட்டும் புது ஸ்டேட்டரும் ரோட்டரும். பெரும்பாலான புல்லட்டுகள் கடைசிப் படிவரை போக வேண்டியிருக்காது. கழற்றிய பாகம் எதையும் பழைய இரும்புக்குப் போடாமல் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். எந்தத் திருத்தமும் திருப்பிச் செய்யக்கூடியதாக இருக்கட்டும், வண்டியின் உடலில் துளை போடாமல், வெட்டாமல்.

ஒரு வேண்டுகோள் மிச்சமிருக்கிறது. எந்த ஸ்டேட்டருக்கு எத்தனை சுற்று, எந்தப் பருமன் கம்பி, எந்த இணைப்பு என்ற கணக்கு இன்று காயில் கட்டும் மூத்த கைவினைஞர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது. அவர்கள் கடையை மூடினால் அதுவும் போய்விடும். நாமக்கல் அரசு ஐடிஐ மாணவர்களும் பாச்சலைச் சுற்றியுள்ள பொறியியல் கல்லூரி மாணவர்களும் ஒரு விடுமுறைக் காலத்தில் இந்தக் கடைகளில் உட்கார்ந்து, புல்லட், ஜாவா, ராஜ்தூத் ஆகிய மூன்றுக்குமாவது அந்த அளவுகளைத் தமிழில் எழுதி எடுக்க வேண்டும். வண்டி வைத்திருப்பவர்கள் தங்கள் பங்குக்கு, புதிதாக மாற்றிய ஒயரிங்கை ஒரு தாளில் வரைந்து ஆர்.சி. புத்தகத்தோடு வையுங்கள். அடுத்து அந்த வண்டியைத் திறக்கும் எலெக்ட்ரீஷியனுக்கு அது வேண்டும்.